மாதவிலக்கு நிற்கும் பருவம்: ஹார்மோன் மருந்து கிடைக்காதபோது செய்யத்தக்கவை



ஆண்கள் கையில் முதலில் சேரும் இந்த ஏட்டில் பெண்களின் சரீர விஷயத்தை எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். ஹைளு, நிபாஸ், இஸ்திஹாளா ஆகியவற்றின் சட்டங்களைச் சிறு வயதிலேயே உஸ்தாதுமார் முன்னிலையில் கூச்சமில்லாமல் ஓதி வந்தவர்கள் நாம். அந்த ஹைளு நிற்கும் காலத்தில் பெண்கள் படும் அவஸ்தையைப் பற்றி மட்டும் வாய் திறக்கலாகாது என்பதற்கு நியாயமில்லை. மேலும், மருந்துக்குப் பணம் கொடுப்பவரும், டாக்டரிடம் போவதா வேண்டாமா என்று முடிவு சொல்பவரும் பல வீடுகளில் நாமாகவே இருக்கிறோம். ஆகவே இப்பாடம் நமக்கே.

மாதவிலக்கு ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் அது நிற்கிறது. நிற்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே முறை தவறத் தொடங்கும். இரண்டு மாதம் வராது. பிறகு இருபது நாளில் வரும். சில தடவை அதிகமாய்ப் போகும். தொடர்ந்து 12 மாதம் வராதிருந்தால்தான் நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். அதற்கு முன் நின்றுவிட்டதாக நினைத்து அசட்டையாயிருந்து, பேரப்பிள்ளை பிறக்கும் வயதில் தாமே கருவுற்ற மாதரும் உண்டு.

இதற்குக் காரணம், சூலகங்கள் சுரந்து வந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ஏறி இறங்கி, முடிவில் வெகுவாகக் குறைந்துவிடுவதே. மூளைக்குள் உடம்பின் சூட்டைச் சமன் செய்யும் பகுதி ஒன்று இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அது அளவுக்கு மீறிய கூர்மை கொண்டுவிடுகிறது. உடம்புச் சூடு சிறிது ஏறினாலும், ஏதோ பெரிய உஷ்ணம் வந்துவிட்டதைப் போல் தோலின் இரத்தக் குழாய்களைத் திறந்து வியர்வையைக் கொட்டச் செய்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே முகமும் கழுத்தும் அனலாகிச் சிவந்து, சில நிமிடத்தில் உடம்பெல்லாம் நனைந்து, பிறகு குளிர் எடுப்பது இதனால்தான். இரவில் வந்தால் தலையணை நனையும், தூக்கம் போகும். தூக்கம் போனால் மறுநாள் சிடுசிடுப்பு, மறதி, தலைவலி எல்லாம் வரிசையாக வரும். மூட்டு வலியும் நெஞ்சுப் படபடப்பும் சிலருக்கு உண்டு. வீட்டிலுள்ள ஆண்கள் இதற்கு என்ன பெயர் வைக்கிறார்கள்? கோபக்காரி என்பார்கள், வயதாகிவிட்டால் இப்படித்தான் என்பார்கள், கண்ணேறு என்று தண்ணீர் ஓதி வாங்கி வருவார்கள். ஓதிய தண்ணீரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் காரணம் தெரிந்த ஒன்றுக்கு வைத்தியமும் பார்க்க வேண்டும்.

"கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்ற ஆறுதலும் முழு உண்மையன்று. அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அடிக்கடி வரும் இந்த அனல் வீச்சு, நடுத்தரக் கணக்கில் 7 ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததாகக் கண்டார்கள். ஏழு ஆண்டு என்பது இரண்டு கடை வாடகை ஒப்பந்தக் காலம். அவ்வளவு நாள் ஒருவரைச் சகித்துக்கொள்ளச் சொல்லுவது இலேசான காரியமல்ல.

இந்த அனல் வீச்சுக்கு மிகச் சிறந்த பலன் தருவது ஹார்மோன் மருந்துதான் என்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகவோ, தோலில் ஒட்டும் பட்டையாகவோ, பூசும் களிம்பாகவோ கொடுக்கிறார்கள். கருப்பை உள்ள பெண்ணுக்கு அதனுடன் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே தொடர்ந்து சாப்பிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்து, புற்று நோய் உண்டாக வழி ஏற்படும். இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடியும் தேவைப்படும்.

ஹலால் பற்றிய ஐயமும் சிலருக்கு உண்டு. 1940-களில் புழக்கத்துக்கு வந்த பழைய மாத்திரை ஒன்று, சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. ஹார்மோன் மருந்து எல்லாமே அப்படித்தான் என்று எண்ணுவது தவறு. இக்காலத்துப் பட்டைகளிலும் களிம்புகளிலும் உள்ள எஸ்ட்ராடியோல், சோயா, கிழங்கு முதலிய தாவரச் சரக்கிலிருந்து செய்யப்படுகிறது. புரோஜெஸ்ட்ரோன் கூட்டு உறைகளில் ஜெலட்டின் இருக்கலாம். அது எந்தப் பிராணியினது என்று மருந்துக்கடையில் கேட்டு, சந்தேகமிருந்தால் ஆலிமிடம் விளக்கம் பெறலாம். விசாரிக்காமலே மருந்தை நிறுத்திவிடுவது சரியன்று.

இனி, இம்மருந்து கிடைப்பது ஏன் அரிதாகிறது என்று பார்ப்போம். முதற்காரணம் அச்சம். 2002-ம் ஆண்டில் அமெரிக்காவில் 16,000-க்கு மேற்பட்ட மாதரைக் கொண்டு நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றை இடையில் நிறுத்தினார்கள். மார்புப் புற்று 26 சதவீதம் கூடிற்று என்ற செய்தி உலகமெங்கும் பரவிற்று. வியாபாரிகளாகிய நாம் சதவீதத்தைக் கேட்டதும் மயங்குவோமா? முதல் எவ்வளவு என்றல்லவோ கேட்போம்! முதலைப் பார்த்தால் கணக்கு இது: பதினாயிரம் பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு வரக்கூடிய நோய், அந்தக் கூட்டு மருந்தைச் சாப்பிட்ட பதினாயிரம் பேரில் 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் அதிகம். அதுவும் பொருட்படுத்த வேண்டியதே. ஆனால் அந்த மாதரின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பல ஆண்டு கழித்து மருந்து தொடங்கியவர்கள் பலர். 60 வயதுக்குட்பட்டு, நின்று பத்தாண்டு ஆகாத, வேறு தடை இல்லாத பெண்ணுக்கு நன்மையே மிகுதி என்பது பிற்பாடு தெளிந்தது. அந்த முதல் அச்சம் மட்டும் இன்னும் பல டாக்டர்களையும் குடும்பங்களையும் விட்டு அகலவில்லை.

இரண்டாவது, சரக்கே வராமற்போவது. 2022-ம் ஆண்டில் பிரிட்டனில் இம்மருந்தைக் கேட்போர் தொகை திடீரென்று பெருகி, களிம்பு வகைகள் கடைக்குக் கடை தீர்ந்துபோயின. ஒருவருக்கு ஒரு தடவையில் மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாதென்று அரசாங்கமே கட்டுப்பாடு விதித்தது. செல்வந்த நாட்டின் கதியே அதுவானால், ஆறு மாதம் இங்கும் ஆறு மாதம் ஊரிலுமாக இருக்கும் நம் பெண்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் எழுதிக் கொடுத்த பட்டை ஊர்ப்பக்கத்துச் சிறு பட்டணத்து மருந்துக்கடையில் அதே பெயரில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது.

மூன்றாவது, சிலருக்கு இம்மருந்தே ஆகாது. மார்புப் புற்று வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்கள், கடுமையான ஈரல் நோயுள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை.

சாப்பிட்டு வந்த மருந்து தீர்ந்துபோனால் முதலில் செய்ய வேண்டியது யாதெனில், அதே பொருள் வேறு உருவில் இருக்கிறதா என்று டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேட்பது. பட்டை இல்லையானால் களிம்பு, களிம்பு இல்லையானால் மாத்திரை என்று அளவு மாற்றி எழுதிக் கொடுக்க இயலும். இருப்பதை நீட்டிக்கலாமென்று பட்டையைக் கத்தரியால் பாதியாக வெட்டாதீர்கள். வெட்டத் தக்க வகையும் உண்டு, வெட்டினால் மருந்து முழுதும் ஒழுகிவிடும் வகையும் உண்டு. பக்கத்து வீட்டு ராத்தாவின் மாத்திரையைக் கடன் வாங்குவதும் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியம்: புரோஜெஸ்ட்ரோன் தீர்ந்து, ஈஸ்ட்ரோஜன் மட்டும் கைவசம் இருந்தால், "ஒன்றாவது இருக்கிறதே" என்று அதைத் தொடராமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். காரணம் மேலே சொன்னதே.

மருந்து நின்றதால் உயிருக்கு உடனே ஆபத்து ஒன்றுமில்லை. அனல் வீச்சும் தூக்கமின்மையும் திரும்பி வரக்கூடும். ஆனால் 45 வயதுக்கு முன்பே, அதிலும் 40-க்கு முன்பே மாதவிலக்கு நின்றவர், அல்லது சூலகங்களை அறுவை செய்து எடுத்துவிட்டவர் சங்கதி வேறு. அவர்களுக்கு இம்மருந்து சௌகரியத்துக்கு மட்டுமல்ல. எலும்பையும் இருதயத்தையும் காப்பதற்கும் ஆகும். அவர்கள் கிடைக்கவில்லை என்று சும்மா இருந்துவிடலாகாது.

ஹார்மோன் அறவே இயலாதவருக்கு வேறு மருந்துகள் உள்ளன. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லாஃபாக்சின், பராக்சிடின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை, குறைந்த அளவிலேயே அனல் வீச்சைத் தணிக்கின்றன. இங்கே ஒரு வார்த்தை. மருந்துச் சீட்டைக் கண்டு "என் பெண்சாதிக்குப் பைத்தியமென்றா சொல்கிறீர்" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகும் கணவன்மார் உண்டு. பைத்தியமென்று யாரும் சொல்லவில்லை. மூளையில் சூட்டைச் சமன் செய்யும் பகுதியை இம்மருந்து தொடுகிறது, அவ்வளவே. ஆனால் இதைத் திடீரென நிறுத்தக் கூடாது. மார்புப் புற்றுக்காகத் தமாக்சிஃபென் சாப்பிடுபவருக்குப் பராக்சிடின் ஆகாது. அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். இரவு வியர்வை அதிகமுள்ளவருக்குப் படுக்கும்போது காபாபென்டின் கொடுப்பார்கள். அதில் மயக்கம் வரலாம். சிறுநீர்ப்பைக்கான ஆக்சிபியூட்டினினும் உதவும். வாய் வறளும், மலம் கட்டும். சூட்டைச் சமன் செய்யும் நரம்புகளையே நேராகத் தடுக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற புது மருந்துக்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி கொடுத்தது. ஈரலை இரத்தப் பரிசோதனையால் கவனித்துக்கொண்டுதான் அதைச் சாப்பிட வேண்டும். இவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பது, அவர் ஏற்கெனவே சாப்பிடும் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளையும் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது.

மருந்தில்லாத வழிகளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. மின்விசிறி, பருத்தி உடை, குளிர்ந்த நீர், காரமும் சூடான காப்பியும் குறைத்தல் இவையெல்லாம் அந்த நேரத்துக்கு இதம் தரும்; ஆனால் அனல் வீச்சு வரும் எண்ணிக்கையைக் குறைப்பதாக உறுதியான சான்று இல்லை. சான்றுள்ளவற்றில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று, உடம்பு கனத்தவர்கள் எடையைக் குறைப்பது. மற்றொன்று, பழக்கப்பட்டவரிடம் சில வாரங்கள் கற்கும் மனப்பயிற்சி. "எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், மானம் போயிற்று" என்று எண்ணும்போது வீச்சின் வேதனை இரட்டிப்பாகிறது. "இது இரண்டு நிமிடத்தில் போய்விடும்" என்று எண்ணப் பழகினால் அதே வீச்சு தாங்கக்கூடியதாகிறது. தூக்கத்தைச் சீராக்கவும் இப்பயிற்சி வழி சொல்லும். இதைக் கேட்டுவிட்டு எல்லாம் மனப்பிரமைதான் என்று எவரும் கொள்ள வேண்டாம்.

இதம் தருவதை அற்பமென்றும் தள்ள வேண்டாம். சாப்பாட்டுக் கடையில் அடுப்புக்கு அருகில் நிற்கும் மனைவியைச் சிறிது காலம் கல்லாவுக்கு மாற்றினால் முதல் ஒன்றும் போய்விடாது. ரமலானில் பகலில் நீரின்றி வியர்ப்பது கஷ்டம். நோன்பு திறந்தது முதல் சஹர் வரை சிறுகச் சிறுக நீர் அருந்தி வருவதும், மருந்து நேரத்தை மாற்றலாமா என்று ஷஃபானிலேயே டாக்டரைக் கேட்பதும் நல்லது. தராவீஹ் தொழ வரும் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் விசிறியும் காற்றும் உண்டா என்று நிர்வாகிகள் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

பணத்தை விரயமாக்கும் வழிகளும் பல. கருஞ்சீரகத்தின் சிறப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதை மாதவிலக்கு நிற்கும் பருவத்துக்குத் தனி மருந்தென்று போத்தலில் அடைத்து விற்பவர் சொல்லும் உறுதிகளுக்கு ஆதாரம் கேளுங்கள். சோயாவுக்குக் கிடைத்த பலன் ஒரு ஆராய்ச்சியில் ஒரு விதம், மற்றொன்றில் வேறு விதம். இங்குள்ள கச்சிப் பாத்திமா வேருக்கும் போதிய சோதனை இல்லை. பிளாக் கோஹோஷ் என்னும் அமெரிக்க மூலிகையைச் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் கெட்டதாகப் பதிவுகள் உண்டு. பெயர் தெரியாத ஜாமு, "ஒரே வாரத்தில் மூட்டு வலி போகும்" என்னும் பொட்டலம் ஆகியவற்றில் டெக்சாமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அதிகாரிகள் பன்முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். முதல் வாரம் சுகமாயிருக்கும்; பிறகு சர்க்கரை ஏறும், முகம் வீங்கும், எலும்பு தேயும். எலும்பைக் காக்க வேண்டிய பருவத்தில் அதையே கரைக்கும் சரக்கை விலை கொடுத்து வாங்குவதா?

பெண்கள் வெளியே சொல்லாத ஒன்றும் உண்டு. மறைவிடம் வறண்டு, எரிச்சலும் தாம்பத்தியத்தில் வலியும் நீர்க்கடுப்பும் வரும். அனல் வீச்சைப் போல் இது தானாகத் தணிவதில்லை. ஆண்டு செல்லச் செல்லக் கூடவே செய்யும். மனைவி விலகிப்போகிறாள் என்று கணவன் மனம் கசப்பதும், வலியைச் சொல்ல நாணி அவள் சாக்குச் சொல்வதுமாகச் சில வீடுகளில் ஆண்டுகள் கழிகின்றன. இதற்கென ஈரம் காக்கும் களிம்புகளும் நீர் சேர்ந்த வழவழப்புக் களிம்புகளும் சீட்டில்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும். அவ்விடத்தில் மட்டும் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனும் உண்டு. அது உடம்பில் மிகச் சிறிதே சேர்வதால் மாத்திரை ஆகாத பலருக்கும் டாக்டர் அனுமதிக்கக்கூடும். மார்புப் புற்று வந்தவர் மட்டும் தம் புற்று நோய் டாக்டரைக் கேட்டே தொட வேண்டும்.

இனிச் சொல்வதுதான் இப்பாடத்தில் தள்ளிப்போடக் கூடாதது. முறை தவறி உதிரம் வரும் காலத்தில் தொழுகை, நோன்பு பற்றிய குழப்பம் நம் பெண்களுக்குப் பெரிது. ஷாபிஈ மத்ஹபில் ஹைளின் கூடிய அளவு 15 நாள். ஹனபி மத்ஹபில் 10 நாள். அதற்கு மேற்பட்டது இஸ்திஹாளா. அதில் தொழுகையும் நோன்பும் உண்டு. விவரத்தை அவரவர் மத்ஹப் அறிந்த ஆலிமிடமோ ஆலிமாவிடமோ கேட்க. ஆனால் அது ஹைளா இஸ்திஹாளா என்று சொல்வது ஆலிமின் வேலை. எதனால் வருகிறது என்று சொல்வது டாக்டரின் வேலை. ஒரு கேள்விக்கு விடை கிடைத்ததும் மற்றொன்றை மறந்துவிடுகிறோம். முழுதாக ஓராண்டு நின்றுபோன பிறகு, ஒரு துளி உதிரம் கண்டாலும் சில நாட்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். அப்படி வருபவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்று இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். மற்ற ஒன்பது பேருக்கும் பெரும்பாலும் இலேசான காரணமே. அந்த ஒருவருக்கும் ஆரம்பத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம். "சூடு பிடித்துக்கொண்டது, ஹஜ்ஜுக்குப் போய் வந்து பார்ப்போம்" என்று நாள் கடத்துவதற்கு இடமே இல்லை. நிற்பதற்கு முன்பாகவே கட்டி கட்டியாய் மிகுதியாகப் போனாலும், படியேறினால் மூச்சு வாங்கினாலும் இரத்தச் சோகைக்குப் பார்க்க வேண்டும். அனல் வீச்சில்லாமல் எடை குறைவு, காய்ச்சல், இருமலோடு இரவு வியர்வை வந்தால் அது காசநோயாகவும் இருக்கலாம். படபடப்பும் கை நடுக்கமுமானால் தைராய்டாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிட வேண்டாம்.

எலும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஈஸ்ட்ரோஜன் குறைந்த முதற்சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் சுண்ணச் சத்து வேண்டும். முள்ளோடு தின்னும் நெத்திலி, பால், தயிர், கீரை, கேழ்வரகு நம் அடுக்களையில் இல்லாதவை அல்ல. நூறு கிராம் கேழ்வரகிலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களுக்கு வைட்டமின் டி குறைந்திருக்கக்கூடும்; இரத்தம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நடப்பது இருவருக்கும் நல்லது.

எங்கே போவது என்றால், மலேசியாவில் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானிலும் சிங்கப்பூரில் பாலிகிளினிக்கிலும் தொடங்கலாம். பெண் டாக்டரையே கேட்டுப் பெறலாம். போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்: கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, ஒரு வாரத்தில் எத்தனை தடவை அனல் வீச்சு, அதில் இரவில் எத்தனை, சாப்பிடும் மருந்துகள், நாட்டு மருந்தும் சேர்த்து, தாய், உடன்பிறந்தார் யாருக்காவது மார்புப் புற்றோ இரத்தம் உறைதலோ வந்ததா என்பது. பத்து நிமிட நேரத்தில் டாக்டர் கேட்பது இவைதான்.

மனைவி ஊரிலிருக்க, இங்கிருந்து ஆள் வசம் மருந்து கொடுத்தனுப்பும் சகோதரர்கள், கம்பெனிப் பெயரை மட்டும் எழுதாமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் டாக்டரைக் கொண்டு எழுதி வாங்கி, சீட்டின் நகலுடன் அனுப்புங்கள். அந்தப் பெயர் இருந்தால் ஊர் டாக்டர் அங்கேயே ஈடான மருந்தைத் தேடிக் கொடுக்க முடியும். பட்டையும் களிம்பும் சூட்டில் கெடும். வெயிலில் நிற்கும் வண்டியில் போட்டு வைக்கக் கூடாது. கையிருப்பு ஒரு மாதத்துக்குக் குறையும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். கடையில் அரிசிக்கும் சீனிக்கும் நாம் செய்வது அதுதானே.